வெர்லின் பதில் சொல்லும் நாள்

நாங்கள் ஜெயிக்க வைத்த ஜனாதிபதி பதவியேற்ற ஐம்பத்து மூன்றாவது நாள் காலையில், என் கணவன் வெர்லின் என் மசாலா அலமாரியை அகர வரிசைப்படி அடுக்கி வைத்தான். அந்த மனிதர் நாட்டுக்குச் செய்த கெடுதலைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு அவர் செய்த கெடுதல் இதுதான்.

வெர்லினை ‘அவர்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒன்றாம் வகுப்பில் என் பென்சிலை வாங்கி, முனை வரைக்கும் கடித்துத் திருப்பிக் கொடுத்தவன். கல்யாணமாகி நாற்பத்தொன்பது வருஷம் ஆகிறது. இந்த நாற்பத்தொன்பது வருஷமும் காலை ஆறு மணிக்கு அவன் வீட்டில் இருந்ததில்லை. பன்றிகளுக்குத் தீனி வைத்த கையோடு தானியக் கிடங்குக்குப் போய்விடுவான். அங்கே பின்பக்கம் ஒரு நீள மேஜை, ஒரு காபிப் பானை, ஆறேழு கிழவர்கள். அன்றைய காபி யார் தலையில் என்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். எட்டு மணி வரை உலகத்தைத் திருத்திவிட்டு வீட்டுக்கு வருவான். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நான் மனுஷியாக இருந்தேன்.

மார்ச் மாதம் அவன் போவதை நிறுத்திவிட்டான். “அங்க என்ன இருக்கு?” என்றான். என் சமையலறையில் உட்கார்ந்து, நான் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்து, “இவ்வளவு பெருசாவா?” என்றான். அன்றைக்கு என் கையில் கத்தி இருந்தது. இருந்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால், எங்கள் திருச்சபை என்னை ஒழுங்காகத்தான் வளர்த்திருக்கிறது.

அவன் ஏன் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அதற்கு முந்தின வருஷம் ஜனவரிக்குப் போக வேண்டும்.

எங்கள் அயோவா மாநிலத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனவரிக் குளிரில் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கூடுவோம். காக்கஸ் என்று பெயர். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஊர்க்காரர் ஒருவர் எழுந்து பேசுவார். பிறகு துண்டுச் சீட்டில் பெயர் எழுதி, ஒரு மக்காச்சோள விதை வாளியில் போடுவோம். எல்லார் கண்ணெதிரிலும் உரக்க எண்ணுவார்கள். எங்கள் ஊரில் எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டே பேர். ஒருவர் பள்ளிக்கூட இசை ஆசிரியர், இன்னொருவர் அவர் மனைவி. மற்ற எல்லாரும் எங்கள் கட்சிதான். அதனால் சண்டை முழுக்க எங்களுக்குள்ளேதான்.

அந்த வருஷம் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் கவர்னர், ஒருவர் செனட்டர். கவர்னர் எங்கள் டிராக்டர் கொட்டகைக்கே வந்து, பன்றிக்கறி வைத்து நான் செய்த ஹாம் பன் இரண்டு தின்று, வெர்லினின் தோளில் கை போட்டு, “ஒரு விவசாயி சம்மதிக்காம அவன் நிலத்துல ஒரு குழாய்கூடப் போகாது” என்றார். வெர்லின் அன்றோடு கவிழ்ந்துவிட்டான். எனக்குச் செனட்டரைத்தான் பிடித்தது. அதிகம் சிரிக்காத மனிதர். எங்கள் புல்வெளியில், பாதைக்கு அந்தப் பக்கம் கவர்னர் பிரசாரப் பலகை, இந்தப் பக்கம் செனட்டர் பலகை நின்றது. தபால்காரர் நடுவில் நின்று இரண்டையும் பார்த்துவிட்டு, “சாப்பாடெல்லாம் ஒண்ணாத்தானே?” என்று கேட்டார்.

ஹார்லனும் செனட்டர் பக்கம்தான். ஹார்லன் எங்கள் பக்கத்து நிலத்துக்காரன், வெர்லினுக்கு அறுபது வருஷச் சிநேகிதன். அறுவடை இயந்திரத்தை இரண்டு பேரும் சேர்ந்தே வாங்கி, இரண்டு பேரும் சேர்ந்தே திட்டுவார்கள். காக்கஸுக்குப் போன அன்று வண்டி நிறுத்துமிடத்தில் வெர்லின் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு, “ஹார்லன், இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேளுடா” என்றான். ஹார்லன் ஓர் உறுமலோடு உள்ளே போனான். அவன் உறுமல் ஆமாம் என்றும் இருக்கும், இல்லை என்றும் இருக்கும்.

அப்புறம் வெர்லின் எழுந்து பேசினான். அவன் வாழ்க்கையில் கூட்டத்துக்கு முன்னால் பேசிய ஒரே பேச்சு அதுதான். எழுதி வைத்திருந்த காகிதம் ஆடிய ஆட்டம் கடைசி வரிசைக்குக் கேட்டது. பேச்சின் முடிவில், காகிதத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னான். “இந்த மனுஷன் ஜனாதிபதியாகி நூறு நாள்ல சொன்னதைச் செய்ய ஆரம்பிக்கலன்னா, என் வீட்டுக் கதவைத் தட்டுங்க. நான் பதில் சொல்றேன்.”

வேறு ஊராக இருந்தால் கை தட்டிவிட்டு மறந்திருப்பார்கள். எங்கள் ஊரில், விதை விற்கிற கெரிட், சட்டைப் பையிலிருந்து குட்டி நாட்காட்டியை எடுத்துக் குறித்துக்கொண்டான்.

கவர்னருக்குப் பதினாலு, செனட்டருக்குப் பதிமூன்று. வீடு திரும்பும்போது வெர்லின் விரல்விட்டு எண்ணினான். கவர்னருக்குப் போட்டவர்களில் பதிமூன்று பேர் யார் யார் என்று அவனுக்குத் தெரியும். “பதினாலாவது ஹார்லன்” என்றான். “எனக்காக மாத்திப் போட்டிருக்கான், ஆர்லிஸ்.” நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சரி, கவர்னர் ஜனாதிபதியானார். முதல் வாரத்திலேயே போன ஆட்சியைவிடப் பெரிய பட்ஜெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் வாரம் எதிர்க்கட்சித் தலைவரின் தோளில் கை போட்டுச் சிரித்தார். மார்ச்சில் குழாய் விவகாரத்துக்கென்று ஒரு ஆய்வுக் குழு அமைத்தார். தலைவராகப் போட்டது அந்தக் குழாய்க் கம்பெனிக்கே வக்கீலாக இருந்த ஆளை. எத்தனால் ஆலைப் புகையை எங்கோ தூரத்து மாநிலத்தில் பூமிக்கடியில் புதைக்கப் போகிற குழாய் அது. எங்கள் மாவட்டத்தில் அது போகிற வழி ஹார்லனின் வடக்கு வயல்.

காபி மேஜையில் வெர்லினுக்கு “மாண்புமிகு” என்று பெயர் வைத்தார்கள். அவன் உள்ளே நுழைந்தால் எழுந்து நின்றார்கள். கேலியை அவன் தாங்குவான். ஹார்லன் எழுந்து நிற்கவில்லை, கேலியும் செய்யவில்லை, காபியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைத்தான் இவனால் தாங்க முடியவில்லை.

ஏப்ரலில் ஹார்லனின் வயலில் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகள் முளைத்தன. அளவெடுக்க வந்தவர்கள் நட்டவை. அன்றிலிருந்து வெர்லின் ஊருக்குப் போக இரண்டு மைல் சுற்றிப் போனான். மனைவி லோயிஸ் இறந்த பிறகு எங்கள் பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்துகொண்டிருந்த ஹார்லன், அந்த ஞாயிறு கோவிலில் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டான். பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்த வெர்லினின் கை கீழே இறங்கிவிட்டது. நான் ஒருத்தியே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாடினேன்.

நூறாவது நாளுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, யூனிஸ் கதவைத் தட்டினாள். எங்கள் திருச்சபையில் ஞாயிறு வகுப்பு நடத்துகிறவள்.

“நாளைக்குத்தானே?” என்றேன்.

“பதவியேத்த நாளையும் சேர்த்தா இன்னைக்கு. நான் சேர்த்துத்தான் எண்ணுவேன்.”

“கெரிட் சேர்க்காம எண்ணுறான்.”

“கெரிட் எதைத்தான் ஒழுங்கா எண்ணினான்? சரி, நாளைக்கும் வரேன்.” கையிலிருந்த கேக்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கோபப்படத்தான் வந்திருந்தாள், ஆனாலும் வெறுங்கையோடு வர அவளுக்கு வராது.

புதன்கிழமை விடியும்போதே மழை. மழை மட்டும் பெய்யாமல் இருந்தால் ஆண்கள் எல்லாரும் சோளம் விதைக்கப் போயிருப்பார்கள், வெர்லின் தப்பித்திருப்பான். வயலில் கால் வைக்க முடியாத நாளில் எங்கள் ஊர் ஆண்களுக்குச் செய்ய வேலையில்லை, குறை மட்டும் நிறைய இருக்கும். ஒன்பதரைக்குள் எங்கள் முற்றத்தில் ஏழு வண்டிகள் நின்றன. பதினோரு பேர். வறுவல் ஒரு தட்டு, கேரட் துருவிப் போட்ட ஜெல்லி சாலட் இரண்டு, உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டுச் சுட்டது ஒரு பெரிய பாத்திரம். இழவு வீட்டுக்கு வருகிற மாதிரியே வந்திறங்கினார்கள்.

வெர்லின் கோவிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு மேஜையின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம், கூர் சீவிய பென்சில். கடிக்கவில்லை. அதிலிருந்தே அவனுக்கு எவ்வளவு பயம் என்று தெரிந்துகொண்டேன்.

கெரிட் தொண்டையைச் செருமினான். “வெர்லின், நாம இவனை எதுக்கு அனுப்பினோம்? செலவைச் சுருக்கத்தானே?”

“சுருக்கத்தான்.”

“சுருக்கினானா?”

“இன்னும் சுருக்கல.”

“போன ஆளைவிடப் பெரிய பட்ஜெட்! என் பொண்டாட்டி இப்படிச் செலவு பண்ணியிருந்தா...”

“நான் இங்கதான் இருக்கேன்” என்றாள் அவன் மனைவி, ஜெல்லிக்குப் பின்னாலிருந்து.

வெர்லின் நோட்டில் எழுதினான். “செலவு. சுருக்கல. சரி, அடுத்தது.”

யூனிஸ் எழுந்தே நின்றுவிட்டாள். “ஈஸ்டர் அன்னைக்கு கோல்ஃப் ஆடினான். உயிர்த்தெழுந்த நாள்! டிவியில காட்டுறாங்க, வெள்ளைக் கால்சட்டை வேற!”

“யூனிஸ், கோவிலுக்குப் போயிட்டு வந்துதானே ஆடினாரு?” என்றாள் கெரிட்டின் மனைவி.

“அதனால?”

“நீங்க ஈஸ்டர் அன்னைக்கு மத்தியானம் தூங்கலையா?”

“தூங்கறது வேற. தூக்கம் பைபிள்லயே இருக்கு.”

வெர்லின் அதையும் எழுதிக்கொண்டான். இப்படியே போயிற்று. நீதிபதிகளை இன்னும் போடவில்லை. எதிர்க்கட்சிக்காரனோடு என்ன சிரிப்பு. மந்திரிகளில் பாதிப் பேர் டிராக்டரைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வெர்லின் ஒருமுறைகூட அந்த ஆளுக்குச் சாக்குச் சொல்லவில்லை. “நீங்க சொல்றது சரி. நான் சொன்னது நடக்கல. நான்தான் சொன்னேன்” என்றான், பதினோரு தடவை, பதினோரு பேருக்கும். எனக்கு அவன்மேல் கோபமாக வந்தது, அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கை முழுக்க மாவாக இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.

கடைசியில் கெரிட், “நியாயமாப் பார்த்தா நீ ராஜினாமா பண்ணணும்” என்றான்.

“பண்ணிடறேன். எதுலேர்ந்து?”

ஒருவருக்கும் தெரியவில்லை. அப்புறம் யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் தட்டை எடுத்துக்கொண்டார்கள்.

நான் பரிமாறிக்கொண்டே கேட்டேன். “இவ்வளவு பேசறீங்களே, அடுத்த தடவை யாருக்குப் போடுவீங்க?”

“அதே ஜனாதிபதிக்குத்தான்” என்றான் கெரிட், வாய் நிறையச் சாப்பாட்டோடு. “வேற யாருக்குப் போடறது, இசை வாத்தியாருக்கா?”

எல்லாரும் மனபாரத்தை இறக்கி, வயிற்றில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெர்லின் மட்டும் சாப்பிடவில்லை. பாதையில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். ஒரு தடவை தபால் வண்டி, ஒரு தடவை பால் லாரி. ஹார்லன் வரவே இல்லை. பதினோரு பேரின் கேள்விக்கும் பதில் சொன்னவன் காத்திருந்தது பன்னிரண்டாவது ஆளுக்காக.

மூன்று மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். வெர்லின் நோட்டை மூடினான்.

“அவன் என் மூஞ்சியிலயே முழிக்க விரும்பல, ஆர்லிஸ். என்னை நம்பி மாத்திப் போட்டான். அதே ஆளு இப்ப அவன் வயலையே தோண்ட வரான்.”

“கோட்டைப் போடு” என்றேன். ஆறு ஹாம் பன்னை ஒரு துணியில் சுற்றிக்கொண்டேன்.

“அவன் வரலையே.”

“கதவைத் தட்டுங்கன்னு நீ சொன்ன. அவன் தட்டல. அவன் கதவும் கதவுதான், நீ போய்த் தட்டு.”

தட்ட வேண்டியிருக்கவில்லை. ஹார்லன் மழைக்கோட்டோடு வடக்கு வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தான். வரிசையாக இளஞ்சிவப்பு ரிப்பன்கள், நனைந்து தொங்கின. வெர்லின் வண்டியிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றினான். மழை அவன் வழுக்கையில் விழுந்தது.

“ஹார்லன், நூறு நாள் ஆயிடுச்சு. பதில் சொல்ல வந்தேன். ஆனா என்கிட்ட பதில் இல்ல.”

ஹார்லன் உறுமினான்.

“நீ எனக்காக உன் ஓட்டை மாத்தின. உன்னை அந்த ஆளுக்குப் போட வெச்சது நான்தான். அந்தப் பாவம் என்னோடது.”

ஹார்லன் அவனை உற்றுப் பார்த்தான். “என்ன உளர்ற? நான் எங்கடா மாத்தினேன்? செனட்டர் பேரைத்தான் எழுதினேன். கொட்டை எழுத்துல.”

வெர்லின் ஓர் அடி முன்னால் வந்தான். “பதினாலு...”

“பதினாலோ பதினாறோ. என்னோடது அதுல இல்ல. உன் ஆளு ஒரு பசப்புப் பேர்வழின்னு ஆரம்பத்துலயே எனக்குத் தெரியும். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே.”

“அப்புறம் ஏன்டா என்கூடப் பேசல? ஏன் பெஞ்சு மாத்தி உக்காந்த?”

ஹார்லன் குனிந்து ஒரு குச்சியை ஆட்டிப் பார்த்தான். பிடுங்கவில்லை, அப்படியே விட்டான்.

“இதை நட்டு மூணு வாரம் ஆச்சு, வெர்லின். முதல் நாள் அளக்க இவனுங்க வந்தப்போ நான் தனியா நின்னேன். லோயிஸும் இல்ல. நீ ரோட்டுல வர்றதைப் பார்த்தேன். வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்ட. ஜனாதிபதி வர மாட்டான்னு எனக்குத் தெரியும்டா. நீ வருவேன்னு நினைச்சேன்.”

நான் பன் மூட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். என் தலையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அடிக்கப்பட வேண்டியவள் நான்.

வெர்லின் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் ஊர் ஆண்களுக்கு அந்தச் சொல் தொண்டையைத் தாண்டாது. தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, குச்சி வரிசையோடு நடக்க ஆரம்பித்தான். நாலாவது குச்சியில் நின்று, பூட்ஸ் காலால் தரையைத் தட்டினான்.

“இங்கதானே நம்ம வடிகால் குழாய் போகுது?”

“இங்கதான். ரெண்டு பேரும் சேர்ந்து போட்டது.”

“இவனுங்களுக்குத் தெரியுமா?”

“கேட்டாத்தானே சொல்றதுக்கு.”

“இதை வெட்டினா உன் வயலும் முங்கும், என் வயலும் முங்கும். மறுபடி எப்ப வராங்க?”

“நாளைக்குக் காலைல. எட்டு மணிக்கு.”

“நான் ஏழரைக்கு வரேன். நாற்காலி எடுத்துட்டு வரேன், இந்தக் குழாய்மேலயே போட்டு உக்காருவோம். உன் நாற்காலி எல்லாம் உடைஞ்சு கிடக்கு.”

ஹார்லன் உறுமினான். இந்தத் தடவை அது ஆமாம் என்று எனக்கே தெரிந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பி, “அந்தத் துணியில கடுகு தடவினது இருக்கா?” என்றான். மூன்று பன்னை நின்ற இடத்திலேயே தின்றான். மழையில் ரொட்டி ஊறிப்போவதைப் பற்றி அவன் கவலைப்படவே இல்லை.

திரும்பும்போது வெர்லின் வழக்கமான நேர் ரோட்டிலேயே ஓட்டினான். கொஞ்ச தூரம் போனதும் ஸ்டியரிங்கில் விரல் வைத்து எண்ண ஆரம்பித்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஆர்லிஸ், அப்ப அந்தப் பதினாலாவது யாரு?”

பதினைந்து மாதம் இதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். செனட்டர் பலகையை நான் புல்வெளியிலிருந்து எடுத்தது அது வெயிலில் வெளுத்துப்போன பிறகுதான். நான் விட்டுக்கொடுக்கவில்லை என்று காட்டிக்கொள்ள அது வேண்டியிருந்தது. என் வீம்புக்காக இவன் ஹார்லனின் ஓட்டை நெஞ்சில் சுமந்துகொண்டு, இரண்டு மைல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தான்.

“நான்தான்” என்றேன்.

வண்டி நின்றுவிட்டது. நடு ரோட்டில். எங்கள் ரோட்டில் பின்னால் யாரும் வரப்போவதில்லை.

“நீயா? நீ செனட்டர் ஆளாச்சே!”

“சீட்டு கையில கிடைச்சதுமே செனட்டர் பேரைத்தான் எழுதினேன். மடிச்சும் வெச்சுட்டேன். அப்ப நீ பேச எழுந்த. உன் கையில அந்தக் காகிதம் நடுங்கிச்சு. ஊரே பார்த்துச்சு. அடிச்சுட்டு மாத்தி எழுதினேன்.”

“அந்த ஆளை உனக்குப் பிடிக்கவே பிடிக்காதே.”

“இப்பவும் பிடிக்கல. அந்த ஆளுக்கு யாரு போட்டா? நான் உனக்குப் போட்டேன்.”

வெர்லின் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணாடித் துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் இருந்தது, அன்றைக்குக் காகிதம் பிடித்திருந்த அதே கை. நான் அதன்மேல் என் கையை வைத்தேன்.

அவன் சொன்னான். “அப்ப யூனிஸுக்கு நீதான் பதில் சொல்லியிருக்கணும்.”

“வண்டியை எடு” என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சமையலறையில் யாரும் இல்லை, வெர்லின் தானியக் கிடங்குக்குப் போய்விட்டிருந்தான். கொட்டகையிலிருந்து நாலு மடக்கு நாற்காலிகளைக் காணோம். ஹார்லனுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று, கெரிட் நிச்சயம் வருவான் என்று ஒன்று. நாலாவது யாருக்கென்று யோசித்துக்கொண்டே காபி பிளாஸ்க்கை நிரப்பினேன். அகர வரிசையில் இருந்த மசாலா அலமாரியை அப்படியே விட்டுவிட்டு, என் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டேன்.